எடை நின்றுவிட்டது, முடி கொட்டுகிறது: ஆபரேஷனுக்குப் பின் ஏழாவது மாதம்

கேள்வி: எனக்கு வயது 34. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். ஏழு மாதங்களுக்கு முன்பு புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடை குறைப்புக்காக ஸ்லீவ் ஆபரேஷன் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) செய்துகொண்டேன். அப்போது எடை 118 கிலோ, உயரம் 158 செ.மீ. இப்போது 87 கிலோ. ஐந்து வாரங்களாக எடை அசையவே இல்லை. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மாடிப்படி ஏறினால் கால் துவள்கிறது. சோறும் சப்பாத்தியும் நெஞ்சிலேயே நிற்பதுபோல் இருக்கிறது. வாரத்தில் இரண்டு முறையாவது வாந்தி வருகிறது. முட்டை வாடை பிடிக்கவில்லை. அதனால் கஞ்சி, டீ, பிஸ்கட் என்று ஓட்டுகிறேன். சத்து மாத்திரைகள் குமட்டியதால் இரண்டு மாதமாக நிறுத்திவிட்டேன். எடை குறையாததால் வெட்கப்பட்டு ஆறாம் மாத ரிவியூவுக்கும் போகவில்லை. மாமியார், நோயாளி மாதிரி ஆகிவிட்டாய், நன்றாகச் சாப்பிடு என்கிறார். எனக்கோ இன்னும் குறைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. இரண்டு வாரம் வெறும் திரவ உணவில் இருந்தால் எடை மறுபடியும் இறங்கும் என்று ஒரு தோழி சொல்கிறார். இருக்கலாமா? மாதவிலக்கு பல வருடங்களுக்குப் பிறகு ஒழுங்காக வருகிறது. வீட்டில் இரண்டாவது குழந்தையைப் பற்றியும் பேசுகிறார்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

திரவ உணவுக்குத் திரும்ப வேண்டாம். உங்கள் இன்றைய நிலையில் அது எடையையும் குறைக்காது, உடம்பையும் கெடுக்கும். ஏன் என்பதை விளக்குவதற்கு முன்னால், நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வரியைப் பற்றிப் பேசியாக வேண்டும். வாரத்தில் இரண்டு முறை வாந்தி, இரண்டு மாதமாகச் சத்து மாத்திரை இல்லை என்ற இரண்டு செய்திகளையும் சேர்த்துப் படித்தபோது, எடை நின்றதைவிட இதுதான் எனக்கு அதிகக் கவலையைத் தந்தது.

தையமின் எனப்படும் வைட்டமின் பி1 நம் உடம்பில் சில வாரங்களுக்குப் போதுமான அளவே இருப்பில் இருக்கும். சாப்பாடு குறைந்து, அதிலும் ஒரு பகுதி வாந்தியாக வெளியேறி, மாத்திரையும் இல்லாமல் போனால் அந்த இருப்பு தீர்ந்துவிடும். அப்போது பாதிக்கப்படுவது நரம்புகளும் மூளையும். நடக்கும்போது தள்ளாடுவது, பார்வை இரண்டாகத் தெரிவது, பாதம் மரத்துப்போவது, பேச்சிலோ நினைவிலோ குழப்பம் ஏற்படுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், அல்லது இரண்டு நாள் தொடர்ந்து எதுவுமே வயிற்றில் தங்காமல் வாந்தி எடுத்தாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நம் ஊரில் உடம்பு சோர்ந்தால் பக்கத்துக் கிளினிக்கில் போய், 'ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடுங்கள்' என்று கேட்கும் பழக்கம் இருக்கிறது. இந்த ஆபரேஷன் செய்தவர்களுக்கு அது ஆபத்தாக முடியலாம்; தையமின் குறைந்திருக்கும் உடம்பில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் தையமினும் செலவாகி நிலைமை மோசமாகும். எந்த மருத்துவரிடம் போனாலும், 'எனக்கு ஸ்லீவ் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வாந்தி இருக்கிறது, முதலில் தையமின் ஊசி தேவைப்படுமா பாருங்கள்' என்று நீங்களே சொல்லுங்கள். உங்களால் சொல்ல முடியாத நிலை வந்தால் சொல்வதற்காக, வீட்டில் கணவருக்கும் மாமியாருக்கும் இது தெரிந்திருக்கட்டும்.

மேலே சொன்ன அறிகுறிகள் எதுவும் இல்லாவிட்டாலும், வாந்தியின் காரணம் இந்த வாரத்திற்குள் கண்டுபிடிக்கப்பட வேண்டும். வேகமாகச் சாப்பிடுவது, சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பது போன்ற எளிய காரணமாக இருக்கலாம். வெட்டித் தைத்த இரைப்பைக் குழாயில் ஓரிடத்தில் குறுகல் ஏற்பட்டிருக்கவும் கூடும். பின்னதாக இருந்தால் எண்டோஸ்கோப்பி செய்து பார்த்துத்தான் சொல்ல முடியும், பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி வழியாகவே விரித்துச் சரிசெய்யவும் முடியும். நான் உணவியல் ஆலோசகர். இதை முடிவு செய்ய வேண்டியவர் உங்கள் அறுவை மருத்துவர்.

இனி எடைக்கு வருகிறேன். 118 கிலோவிலிருந்து 87 கிலோவுக்கு வந்திருக்கிறீர்கள். ஏழு மாதத்தில் 31 கிலோ, அதாவது மொத்த உடல் எடையில் 26 சதவீதம். உங்கள் உயரத்திற்கு ஏறத்தாழ 62 கிலோ வரை இருக்கலாம் என்று கொண்டால், அதிகமாக இருந்த எடையில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. ஸ்லீவ் ஆபரேஷனுக்குப் பின் எடை முதல் மூன்று மாதங்களில் வேகமாகவும், ஆறு மாதம் வரை நிதானமாகவும், அதன் பின் 12 முதல் 18 மாதம் வரை இன்னும் மெதுவாகவும் குறையும். இடையிடையே சில வாரங்கள் அசையாமல் நிற்பதும் வழக்கம்தான். 118 கிலோ உடம்பைச் சுமந்து நடமாடத் தேவைப்பட்ட சக்தி 87 கிலோ உடம்புக்குத் தேவையில்லை. செலவு குறையும்போது இறக்கத்தின் வேகமும் குறைகிறது. ஆபரேஷன் தோற்றுவிட்டது என்று நினைத்து நீங்கள் ரிவியூவுக்குப் போகாமல் இருந்தது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. இந்தக் கணக்கோடு போயிருந்தால் மருத்துவர் உங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார். அதே சமயம் வாந்தியையும் சோர்வையும் ஒரு மாதம் முன்பே கவனித்திருப்பார்.

ஆனாலும், ஐந்து வாரத் தேக்கத்திற்கு உங்கள் சாப்பாட்டில் ஒரு காரணம் இருக்கவே செய்கிறது. எடை நின்றதால் சாப்பாட்டைக் குறைக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். முடி கொட்டுவதையும் சோர்வையும் பார்த்துச் சாப்பாட்டைக் கூட்ட வேண்டும் என்று உங்கள் மாமியார் நினைக்கிறார். இரண்டும் எதிரெதிர் பிரச்சினைகள் போலத் தோன்றினாலும், வேர் ஒன்றுதான்: இப்போது உங்கள் வயிற்றுக்குள் போவதில் புரதம் மிகக் குறைவு, மாவும் சர்க்கரையும் மிக அதிகம்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்து ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். காலையில் பால் விட்ட டீயும் மூன்று பிஸ்கட்டும் சேர்ந்து சுமார் 4 கிராம் புரதம். முற்பகலில் ஒரு டம்ளர் கஞ்சி, 2 அல்லது 3 கிராம். மதியம் குழைத்த தயிர்சாதம் நாலைந்து கரண்டி என்று வைத்துக்கொண்டால் 5 கிராம். மாலையில் மீண்டும் டீயும் பிஸ்கட்டும், இன்னொரு 4 கிராம். இரவில் ஒரு இட்லியும் கொஞ்சம் சாம்பாரும் என்றால் 4 கிராம். எல்லாம் சேர்ந்து 20 கிராம் வருகிறது. இந்த ஆபரேஷனுக்குப் பின் ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். தேவையில் மூன்றில் ஒரு பங்குதான் உங்களுக்குக் கிடைக்கிறது. மீதியை உடம்பு உங்கள் தசையிலிருந்து எடுத்துக்கொள்கிறது. மாடிப்படியில் கால் துவள்வதற்கு இது ஒரு காரணம், ரத்தசோகை இன்னொரு காரணமாக இருக்கலாம். தசை கரைந்தால் உடம்பு சும்மா இருக்கும்போது செலவிடும் சக்தியும் குறையும், எடையும் நின்றுபோகும். திரவ உணவுக்குப் போனால் இந்த 20 கிராமும் இன்னும் சுருங்கும் என்பதால்தான் அதை வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன்.

பிஸ்கட் மட்டும் எப்படிச் சுலபமாக இறங்குகிறது என்று உங்களுக்கே வியப்பாக இருந்திருக்கும். ஆபரேஷனில் இரைப்பையின் முக்கால் பங்கிற்கு மேல் அகற்றப்பட்டு, 100 முதல் 150 மில்லி கொள்ளும் குழாய் ஒன்று மட்டும் மிஞ்சியிருக்கிறது. மீன், பருப்பு, காய் போன்றவை அந்தக் குழாயில் சற்று நேரம் தங்குவதால்தான் வயிறு நிறைந்த உணர்வு வருகிறது. டீயில் நனைத்த பிஸ்கட்டோ, வாயிலேயே கரைந்துவிடும் முறுக்கு மிக்சரோ தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறது; ஒரு மணி நேரம் கழித்து இன்னும் இரண்டு தின்ன முடிகிறது. கெட்டியான உணவுக்குப் பயந்து மெல்லிய உணவுக்குப் பழகிப்போனவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். பட்டினி கிடப்பதுபோன்ற சோர்வும் எடைத் தேக்கமும் அவர்களிடம் ஒன்றாகவே வருகின்றன.

ஆகவே கெட்டி உணவைப் பழக்க வேண்டும், ஆனால் சோற்றிலிருந்தோ சப்பாத்தியிலிருந்தோ தொடங்கக் கூடாது. குழைந்த சோறு உருண்டையாகத் திரண்டு அடைத்துக்கொள்ளும். சப்பாத்தியும் ரொட்டியும் மாவாக ஊறிப் பிடித்துக்கொள்ளும். கடலூர்க்காரரான உங்களுக்கு இதைவிட நல்ல வழி வீட்டு வாசலிலேயே இருக்கிறது. துறைமுகத்திலிருந்து வரும் மீனில் கிழங்கான் மிக மென்மையானது. காய்ச்சலில் கிடந்தவர்களுக்கும் குழந்தை பெற்றவர்களுக்கும் அதைக் கொடுப்பது உங்கள் மாமியாருக்குத் தெரிந்திருக்கும். சங்கராவும் முள் நீக்கிக் கொடுத்தால் நன்றாக இறங்கும். வறுவல் வேண்டாம், காரம் குறைத்த குழம்பில் வெந்ததாக இருக்கட்டும். ஒரு சிறிய தட்டில் மூன்று விரல் அளவு மீனை வைத்து, சுண்டுவிரல் நகத்தளவு பிய்த்துக் குழம்பில் தோய்த்து, வாயிலேயே கூழாகும்வரை மென்று விழுங்குங்கள். அடுத்த வாய்க்கு அரை நிமிடம் பொறுங்கள். இருபது நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை ஆகட்டும். நெஞ்சில் லேசான அழுத்தம், திடீரென்று வாயில் எச்சில் ஊறுவது, மூக்கில் நீர் வடிவது, விக்கல் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் போதும் என்று அர்த்தம். தட்டில் ஒரு வாய்தானே மிச்சம் என்று அதையும் உள்ளே தள்ளுவதில்தான் பலருக்கு வாந்தி வருகிறது. மீனை முடித்த பிறகு இடம் இருந்தால் காய், அதன் பிறகும் இருந்தால் சோறு இரண்டு ஸ்பூன். சாப்பிடும்போது தண்ணீர் வேண்டாம். முடித்து அரை மணி நேரம் கழித்துச் சிறிது சிறிதாகக் குடிக்கத் தொடங்கி, ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாள் முழுவதும் இப்படி அமையலாம். காலையில் பாசிப்பயறு அரைத்து ஊற்றிய சிறிய தோசை ஒன்று, 6 கிராம். பதினொரு மணிக்கு 150 மில்லி பாலில் இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கரைத்துக் குடித்தால் 10 கிராம் வரும். மதியம் மேலே சொன்ன மீன் 60 முதல் 70 கிராம், அதில் 14 அல்லது 15 கிராம். நான்கு மணிக்கு டீ பிஸ்கட்டுக்குப் பதிலாக நன்றாக வெந்த கொண்டைக்கடலைச் சுண்டல் அரைக் கிண்ணம், 6 கிராம். தோல் உறுத்தினால் மசித்துக்கொள்ளலாம். இரவில் 50 கிராம் பனீரை உதிர்த்து வதக்கியது, 9 கிராம். படுப்பதற்கு முன் துணியில் கட்டி நீர் வடித்த தயிர் 100 கிராம், 7 கிராம். இதுவே 50 கிராமைத் தாண்டுகிறது. மீதிக்கு, ரத்தப் பரிசோதனையைப் பார்த்த பிறகு உங்கள் மருத்துவமனையின் உணவியல் ஆலோசகர் புரதப் பவுடர் சொல்லக்கூடும். முட்டையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். ஆபரேஷனுக்குப் பின் வாடையும் ருசியும் மாறுவது பலருக்கு நேர்கிறது, பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே சரியாகிவிடும். பசி எடுக்கவில்லையே என்று காத்திருக்காமல் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள், ஏனென்றால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனைப் பெருமளவில் சுரக்கும் பகுதிதான் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது.

சத்து மாத்திரைகளை நிறுத்தியதில் எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. வெறும் வயிற்றில் இரும்புச்சத்து மாத்திரை பலருக்கும் குமட்டும். ஆனால் இவை உடம்பு தேறும்வரை சாப்பிடும் டானிக் அல்ல, வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியவை. மாத்திரைகளை உணவுக்குப் பின், ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் விழுங்காமல், பிரித்துப் போடுங்கள். கால்சியத்தில் சிட்ரேட் வகையைக் கேட்டு வாங்குங்கள். அமிலம் குறைந்த வயிற்றிலும் அது உறிஞ்சப்படும். ஒரு நாளைக்கு 1,200 முதல் 1,500 மில்லிகிராம் தேவை, ஒரு வேளைக்கு 500-க்கு மேல் போட்டால் வீண். இரும்புச்சத்துக்கும் கால்சியத்துக்கும் இடையில் இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையை டீயோடு சேர்க்கவே கூடாது, எலுமிச்சைச் சாறு நல்லது. பி12 மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் மாதம் ஒரு ஊசியாகப் போட்டுக்கொள்ளலாம். அதன் இருப்பு கல்லீரலில் நீண்ட நாள் இருப்பதால் குறைபாடு தாமதமாகவே வெளியில் தெரியும், தெரியும்போது நரம்புக்கு ஏற்பட்ட சேதம் முழுவதும் திரும்பாமல் போகவும் வாய்ப்பு உண்டு. ஒன்றுமே இல்லையே என்று நிறுத்துவது அதனால்தான் தவறு.

முடியைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். பெரிய ஆபரேஷனும் வேகமான எடை இழப்பும் உடம்புக்கு ஓர் அதிர்ச்சி. அப்போது வளர்ச்சியை நிறுத்திய முடிகள் இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாக உதிர்கின்றன. மூன்றாம் மாதத்தில் தொடங்கி ஆறு முதல் ஒன்பதாம் மாதத்திற்குள் இது அடங்கி, புது முடி வரும். அதற்குப் பிறகும் கொட்டினால் இரும்பு, துத்தநாகம், புரதம், தைராய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். விலை உயர்ந்த எண்ணெய்க்கும் பயோட்டின் மாத்திரைக்கும் கொடுக்கும் பணத்தில் மீன் வாங்குங்கள்.

நடைப்பயிற்சி பற்றி நீங்கள் எழுதவில்லை. சில்வர் பீச் பக்கம் மாலையில் நடப்பது நல்லதுதான், ஆனால் நடை மட்டும் தசையைக் காப்பாற்றாது. கைப்பிடியைப் பிடிக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது போன்றவற்றை வாரத்தில் மூன்று நாள் செய்யுங்கள். வாந்தி நின்று புரதம் ஏறிய பிறகு தொடங்கினால் போதும். எடையை வாரத்தில் ஒரு நாள், காலையில், ஒரே நேரத்தில் பாருங்கள். இடுப்புச் சுற்றளவை மாதம் ஒரு முறை டேப்பில் அளந்து எழுதிவையுங்கள். எடை அசையாத மாதங்களிலும் பலருக்கு இடுப்பு குறைந்திருக்கும்.

உங்கள் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் எல்லோருக்கும் ஆபரேஷனைப் பற்றிச் சொல்லவேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை; கல்யாண வீட்டில், 'என்ன இப்படி இளைத்துவிட்டாய், சுகரா?' என்று கேட்பவரிடம் சிரித்துவிட்டு நகரலாம். ஆனால் வீட்டில் சமைப்பவரிடம் அப்படி இருக்க முடியாது. நோயாளி மாதிரி ஆகிவிட்டாய் என்று அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அக்கறையும் இருக்கிறது. அவர் கஞ்சி வைத்துத் தருவதும் அந்த அக்கறையில்தான். இந்தக் கடிதத்தில் உள்ள கணக்கை அவரிடம் காட்டி, 'அத்தை, எனக்கு அளவு கூட வேண்டாம், கஞ்சிக்குப் பதிலாகக் கிழங்கான் குழம்பு வையுங்கள்' என்று கேட்டுப் பாருங்கள்.

குழந்தை விஷயத்தில் உறுதியாக இருங்கள்: ஆபரேஷன் முடிந்து 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிக்கக் கூடாது. எடை வேகமாகக் குறையும் காலத்தில் தாயின் உடம்பிலேயே சத்து போதாதபோது குழந்தைக்கு எங்கிருந்து போகும்? மாதவிலக்கு ஒழுங்கானது நல்ல அறிகுறி, ஆனால் கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடியிருக்கிறது என்பதே அதன் பொருள். வாந்தி இருக்கும்போது கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது. காப்பர்-டி போன்ற வழி பொருந்துமா என்று மகப்பேறு மருத்துவரிடம் உடனே கேளுங்கள்.

மூட்டுவலிக்கோ தலைவலிக்கோ மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். இரைப்பையில் புண் வரக்கூடும். சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி வந்து முதுகுக்குப் பரவினால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். வேகமாக எடை குறைபவர்களுக்கு அது வருவதுண்டு, ஸ்கேனில் தெரிந்துவிடும்.

இந்த வாரமே புதுச்சேரிக்குப் போங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியையும், நிறுத்திய மாத்திரைகளின் அட்டைகளையும், மூன்று நாள் என்ன சாப்பிட்டீர்கள், எதைச் சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில் வாந்தி வந்தது என்று எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள். எண்டோஸ்கோப்பி வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், ஆல்புமின், தைராய்டு ஆகிய ரத்தப் பரிசோதனைகளை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தவறவிட்ட ஆறாம் மாதப் பரிசோதனையை இதிலேயே முடித்துக்கொண்டு, அடுத்ததை ஆபரேஷனாகி ஒரு வருடம் முடியும்போதும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் செய்துகொள்ளலாம். ரிவியூவுக்கு நேரம் கிடைக்க நாள் ஆகும் என்று வரவேற்பறையில் சொன்னால், வாந்தி இருக்கிறது, மாத்திரை எடுக்கவில்லை என்ற இரண்டையும் சொல்லி அன்றைக்கே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.